பத்து நாள் முட்டை: நாமக்கல்லிலிருந்து பார்க்கும் இந்திய - மாலத்தீவு உறவு

2024 ஏப்ரல் 5 அன்று இந்திய அரசு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2024-25 நிதியாண்டில் மாலத்தீவுக்கு 42.75 கோடி முட்டை, 1,24,218 டன் அரிசி, 1,09,162 டன் கோதுமை மாவு, 64,494 டன் சர்க்கரை, 35,749 டன் வெங்காயம், 21,513 டன் உருளைக்கிழங்கு, 224 டன் பருப்பு ஆகியவற்றை ஏற்றுமதி செய்ய அனுமதி. ஆற்று மணலும் சல்லியும் தலா 10 லட்சம் டன். இந்த ஏற்பாடு 1981இல் தொடங்கியதிலிருந்து அதுவரை இவ்வளவு பெரிய ஒதுக்கீடு வந்ததில்லை.

அறிவிப்பு வந்த நேரம் விசித்திரமானது. 'இந்தியாவே வெளியேறு' என்ற முழக்கத்தோடு ஆட்சிக்கு வந்த மாலத்தீவு அதிபர் முகமது முய்சு, அங்கிருந்த இந்திய ராணுவத்தினருக்கு மே 10 என்று கெடு வைத்திருந்தார். முதல் குழு மார்ச்சில் வெளியேறிவிட்டது. பிரதமர் மோடியைச் சமூக ஊடகத்தில் இழித்துப் பேசிய மூன்று துணை அமைச்சர்கள் ஜனவரியில் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். இந்தியச் சுற்றுலாப் பயணிகள் மாலத்தீவுப் பயணங்களை ரத்து செய்துகொண்டிருந்தார்கள். அரசியல் உறவு இப்படி அடிமட்டத்தில் கிடந்தபோது உணவு ஒதுக்கீடு உச்சத்துக்குப் போனது.

இந்த முரணை டெல்லியிலிருந்தும் மாலத்தீவுத் தலைநகர் மாலேயிலிருந்தும் பலர் அலசிவிட்டார்கள். சீனா, கடற்படை, பூகோள அரசியல் என்று அந்த அலசல் விரிகிறது. அந்தப் பட்டியலின் முதல் பொருளை உற்பத்தி செய்யும் இடத்திலிருந்து பார்த்தால் வேறொரு கணக்கு தெரிகிறது. மாலத்தீவுக்கு முட்டை அனுப்பும் முக்கிய ஊர் நாமக்கல். இரு நாட்டு உறவில் பேச்சு ஓர் அடுக்கு, பண்டம் இன்னோர் அடுக்கு. பேச்சு தேர்தலுக்குத் தேர்தல் மாறும். உறவைக் காப்பாற்றி வருவது பண்டம்தான். அதை எவ்வளவு தூரம் அரசியல் பேரத்துக்கு வெளியே வைக்கிறோமோ அவ்வளவு தூரம்தான் அது காப்பாற்றும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு நிலப்பரப்புகள்

சேலம் மாவட்டத்திலிருந்து 1997இல் பிரிந்த நாமக்கல் மாவட்டத்தின் பரப்பு சுமார் 3,368 சதுர கிலோமீட்டர். ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட மாலத்தீவின் நிலப்பரப்பைத் திரட்டிச் சேர்த்தாலும் 300 சதுர கிலோமீட்டரைத் தொடாது. நாமக்கல்லின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 17 லட்சத்தைத் தாண்டியது. மாலத்தீவில் 2022 கணக்கெடுப்பின்படி வெளிநாட்டுத் தொழிலாளர்களையும் சேர்த்து 5.15 லட்சம் பேர்.

காவிரிக் கரையான மோகனூர், பரமத்திவேலூர் பக்கத்தை விட்டால் நாமக்கல் பெரும்பாலும் மேட்டாங்காடு. மழையை நம்பிய சோளமும் நிலக்கடலையும் குடும்பத்தைத் தாங்கவில்லை என்ற நிலையில்தான் இங்குள்ளவர்கள் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் கோழிக்கும் போனார்கள். மண் கொடுக்காததைத் தொழிலில் எடுத்த ஊர் இது. இன்று நாமக்கல் மண்டலப் பண்ணைகளில் ஒரு நாளைக்கு 4 கோடிக்கும் மேல் முட்டை கிடைக்கிறது. தமிழ்நாட்டுச் சத்துணவுக்கும் கேரளச் சந்தைக்கும் போனது போக மிச்சம் கப்பல் ஏறுகிறது.

இப்போது அந்த 42.75 கோடியை எடுத்துக்கொள்வோம். மாலத்தீவுக்கான முழு ஆண்டு ஒதுக்கீடு அது. நாமக்கல் ஒன்றே அனுப்புவதாக வைத்துக்கொண்டாலும் பத்து நாள் உற்பத்தியில் முடிந்துவிடும். ஒரு முட்டைக்குப் பண்ணை விலை 5 ரூபாய் என்று வைத்தால் மதிப்பு 214 கோடி ரூபாய். இரு நாடுகளுக்கும் இடையே பேசப்படும் கடன் தொகைகளின் பக்கத்தில் வைத்தால் இது சில்லறை. ஆனால் அந்தச் சில்லறை நின்றால் மாலேயின் ஒவ்வொரு வீட்டிலும் காலை உணவு மாறிவிடும். ஒரு தரப்புக்குப் பத்து நாள், மறு தரப்புக்கு ஓர் ஆண்டு. இந்தச் சமமின்மையிலிருந்துதான் உறவின் பலமும் வருகிறது, உரசலும் வருகிறது.

அறுபது ஆண்டுச் சுருக்கம்

மாலத்தீவு 1965 ஜூலை 26 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றது. அந்நாட்டை முதலில் அங்கீகரித்தவற்றுள் இந்தியாவும் ஒன்று. அதே ஆண்டு நவம்பரில் தூதரக உறவு ஏற்பட்டது. 1974இல் பாரத ஸ்டேட் வங்கி மாலேயில் கிளை திறந்தது. தீவுகளில் சுற்றுலா விடுதிகள் முளைத்த காலத்தில் அவற்றுக்குக் கடன் கொடுத்து வளர்த்ததில் அந்த வங்கிக்குப் பெரிய பங்கு உண்டு. 1976இல் கடல் எல்லை உடன்பாடு கையெழுத்தானது. 1981இல் வர்த்தக ஒப்பந்தம். நம் கட்டுரையின் மையம் அதுதான்.

1988 நவம்பர் 3 அன்று நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியில் தமிழ்த் தொடர்பு ஒன்று உண்டு. அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வணிகரின் திட்டத்துக்கு ஆயுதம் ஏந்தி வந்தவர்கள் இலங்கையின் பிளாட் என்ற தமிழ்ப் போராளி இயக்கத்தவர். அதிபர் கையூம் உதவி கேட்க, ஆக்ராவிலிருந்து புறப்பட்ட இந்திய பாராசூட் படை அன்றிரவே ஹுலுலே விமான நிலையத்தில் இறங்கியது. பணயக் கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களை இந்தியக் கடற்படை மடக்கிப் பிடித்தது. 'ஆபரேஷன் கேக்டஸ்' என்ற அந்த நடவடிக்கை முடிந்ததும் பெரும்பாலான படையினர் விரைவில் திரும்பிவிட்டார்கள். அந்தத் திரும்புதல்தான் இந்தியா மீதான நம்பிக்கைக்கு அடித்தளமானது.

2004 ஆழிப்பேரலையின்போதும், 2014 டிசம்பரில் மாலேயின் குடிநீர் ஆலை தீப்பிடித்தபோதும் இந்தியாதான் முதலில் போய்ச் சேர்ந்தது. 2014இல் விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் போனது. 2021 ஜனவரியில் ஒரு லட்சம் டோஸ் கொரோனா தடுப்பூசி போனது. மறுபக்கம், மாலே விமான நிலையத்தை நடத்த ஜி.எம்.ஆர். நிறுவனத்துக்கு 2010இல் தந்த ஒப்பந்தத்தை 2012இல் மாலத்தீவு ரத்து செய்தது. நடுவர் தீர்ப்பின்படி 2016இல் சுமார் 27 கோடி டாலர் இழப்பீடு கட்ட வேண்டியிருந்தது. யாமீன் அதிபராக இருந்த 2017இல் சீனாவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. 2018இல் சீன உதவியில் மாலே கடல்பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு இப்ராகிம் சோலி வென்றதும் காற்று திரும்பியது. 140 கோடி டாலர் நிதியுதவியை இந்தியா அறிவித்தது. மாலேயையும் பக்கத்துத் தீவுகளையும் இணைக்கும் 6.74 கிலோமீட்டர் பாலத் திட்டத்துக்கு 10 கோடி டாலர் மானியமும் 40 கோடி டாலர் கடனும் வந்தன. 2023இல் முய்சு வென்றார்; காற்று மறுபடி திரும்பியது.

மாலேயில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை 'இந்தியா முதலில்' என்பதும் 'இந்தியாவே வெளியேறு' என்பதும் இடம் மாற்றிக்கொள்கின்றன. இந்த ஊசலாட்டத்தைச் சீனாவின் கைவேலை என்று மட்டும் பார்ப்பது மேலோட்டமானது. பெரிய அண்டை நாட்டை நம்பியே உண்டு, மருந்து வாங்கி, சிகிச்சை பெற்று வாழும் ஒரு சிறு நாட்டில், அந்தச் சார்பைப் பற்றிய கூச்சமும் தேர்தல் சரக்காகும். இலங்கை, நேபாள அரசியலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒதுக்கீடு எப்படி வேலை செய்கிறது?

1981 ஒப்பந்தத்தின் சாரம் எளிது. இந்தியாவில் ஒரு பொருளுக்கு ஏற்றுமதித் தடையோ கட்டுப்பாடோ இருந்தாலும், குறிப்பிட்ட அளவு வரை மாலத்தீவுக்கு அது போகலாம். அந்த அளவை வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம் அவ்வப்போது அறிவிக்கும். இது இலவசம் அல்ல, கடனும் அல்ல. மாலத்தீவு வியாபாரி காசு கொடுத்துத்தான் வாங்குகிறார். அரசு கொடுப்பது 'உனக்குக் கதவு மூடாது' என்ற உறுதியை மட்டும்.

அந்த உறுதியின் அருமை நெருக்கடியில்தான் தெரியும். 2022இல் இந்தியா சர்க்கரை ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை. 2023 டிசம்பரில் வெங்காயத்துக்குத் தடை. ஆசிய, ஆப்பிரிக்கச் சந்தைகளில் விலை ஏறியது. பல நாடுகள் டெல்லியில் விதிவிலக்குக் கேட்டு வரிசையில் நின்றன. மாலத்தீவு வரிசையில் நிற்க வேண்டியிருக்கவில்லை. அதன் பங்கு முன்பே எழுதிவைக்கப்பட்டிருந்தது.

எண்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. 42.75 கோடி முட்டையை 5.15 லட்சம் பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஆண்டுக்கு 830 முட்டை. ஆண்டுக்கு வரும் 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள் ஆளுக்கு ஒரு வாரம் தங்குவதாக வைத்தாலும் தினமும் தலைக்கு இரண்டு முட்டைக்கு மேல் வருகிறது. அரிசியும் அப்படித்தான்: ஆளுக்கு 240 கிலோ. அதாவது, ஒதுக்கீடு தேவையை ஒட்டி அளந்து கொடுத்ததல்ல. யார் தலையிலும் இடிக்காத உயரத்தில் போட்ட கூரை. 'உச்ச ஒதுக்கீடு' என்ற தலைப்புச் செய்தியை அந்த அளவில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தைய ஆண்டைவிட 5 விழுக்காடு கூட்டியதால் நாமக்கல்லிலிருந்து கூடுதலாக ஒரு கண்டெய்னர் போகும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அந்த 5 விழுக்காடு ஒரு தூதுச் செய்தி.

அதே கூரையைத் தாழ்த்தவும் முடியும். யாமீன் ஆட்சியோடு உறவு கசந்திருந்த 2018இல், முட்டை, வெங்காயம், உருளைக்கிழங்கு உள்ளிட்ட பொருள்களின் அளவை இந்தியா கணிசமாகக் குறைத்தது. அடுத்த தேர்தலில் யாமீன் தோற்றார் என்பது உண்மை. ஆனால் அதற்கு ஊழல் புகார்களும் எதிர்க்கட்சியினரைச் சிறையில் அடைத்ததும் போதுமான காரணங்கள். 'இந்தியா நினைத்தால் நம் சாப்பாட்டில் கைவைக்கும்' என்ற பேச்சுக்கு அந்தக் குறைப்பு தீனி போட்டது. சோலி வந்த பிறகு அளவு மறுபடி கூட்டப்பட்டபோது அந்தப் பேச்சு வலுத்ததே தவிர மறையவில்லை: ஆளுக்குத் தக்கபடி அளவு மாறுகிறது என்றாகிவிட்டதே.

2024இல் டெல்லி வேறு வழியில் போனது. 2018இல் செய்ததை இம்முறை செய்யவில்லை. ஏப்ரல் 21 அன்று மாலத்தீவு நாடாளுமன்றத் தேர்தல் நடக்கவிருந்த நிலையில், ஒதுக்கீட்டைக் கூட்டியது. அத்தேர்தலில் முய்சுவின் கட்சி பெருவெற்றி பெற்றது. ஆக, உணவைக் கொண்டு வாக்கை மாற்ற முடியாது என்பது தெளிவு. ஆனால் வெற்றிக்குப் பின் பேச வருபவருக்கு வாசல் திறந்திருந்தது. முய்சு ஜூனில் மோடியின் பதவியேற்புக்கு வந்தார். அக்டோபரில் அரசுமுறைப் பயணமாக வந்தபோது 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் கொண்ட நாணயப் பரிமாற்ற ஏற்பாடு கையெழுத்தானது. 2025 ஜூலையில், மாலத்தீவின் 60ஆவது விடுதலை நாளுக்கு மோடி சிறப்பு விருந்தினராகப் போனார். 4,850 கோடி ரூபாய் கடன் அறிவிக்கப்பட்டது. தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்துக்கான பேச்சும் தொடங்கியது.

பண்ணையிலிருந்து மாலே வரை

நாமக்கல் பண்ணையாளருக்கு வெளியுறவு என்பது விலைப் பலகையில் தெரியும். தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் பண்ணைக் கொள்முதல் விலை ஒன்று; அதிலிருந்து வியாபாரி கழிக்கும் 'மைனஸ்' இன்னொன்று. ஏற்றுமதி ஓடும் மாதங்களில் மைனஸ் சுருங்கும். ஏதோ ஒரு நாடு கதவை மூடினால் சரக்கு தேங்கி மைனஸ் விரியும். அனுப்பாதவரும் இதில் அடிபடுவார்.

ஏற்றுமதி முட்டை தரம் பிரித்து அட்டைப் பெட்டியில் அடுக்கப்படும். 40 அடி குளிர்சாதனக் கண்டெய்னர் ஒன்றில் ஏறத்தாழ 4.7 லட்சம் முட்டை ஏறும். மாலத்தீவின் முழு ஒதுக்கீட்டையும் ஏற்றினால் ஆண்டுக்கு 900 கண்டெய்னர். நாளுக்கு இரண்டு, மூன்று. கரூர், திண்டுக்கல், மதுரை வழியாகச் சுமார் 300 கிலோமீட்டரில் தூத்துக்குடி. மாலத்தீவுக்கு மிக இயல்பான இந்தியத் துறைமுகம் அதுதான்.

இந்தப் பாதை கண்டெய்னர் காலத்துக்கு முந்தையது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்திலிருந்து மரத் தோணிகள் வெங்காயம், காய்கறி, கருப்பட்டி, கட்டுமானப் பொருள்களோடு மாலேக்குப் போய்வந்தன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகள் கரையில் நிற்கும். தீவுகளில் பண்டம் சுருங்கும். எதிர்த்திசையில் மாசிக் கருவாடு வந்தது. இரண்டு நாடுகள் தூதர்களை அனுப்பிக்கொள்வதற்கு முன்பே தோணிக்காரர்களும் வியாபாரிகளும் கணக்கு வைத்திருந்த கடல் இது.

2020 செப்டம்பரில் தூத்துக்குடி - கொச்சி - குலுதுஃபுசி - மாலே சரக்குக் கப்பல் சேவையை இரு நாடுகளும் தொடங்கின. 200 கண்டெய்னரும் 3,000 டன் உதிரிச் சரக்கும் ஏற்றக்கூடிய கப்பல் அது. வடக்குத் தீவான குலுதுஃபுசியில் நேரடியாக இறக்க முடிவது நல்ல யோசனை. எல்லாச் சரக்கும் மாலே வந்து அங்கிருந்து படகேறுவதால் வெளித்தீவுகளில் விலை கூடுகிறது. ஆனால் போகும்போது நிறைந்த கப்பல் திரும்பும்போது காலியாக வருவது இந்தப் பாதையின் நெடுநாள் நோய். இந்தியா மாலத்தீவிலிருந்து வாங்குவது பெரும்பாலும் பழைய இரும்பும் உலோகக் கழிவும்தான்.

2024 ஏப்ரலில் டெல்லி இன்னொரு விதி போட்டது. ஒதுக்கீட்டுப் பொருள்கள் முந்த்ரா, நவசேவா, தூத்துக்குடி ஆகிய மூன்று துறைமுகங்கள், டெல்லியின் துக்ளகாபாத் உள்நாட்டுச் சுங்கக் கிடங்கு ஆகிய நான்கு வழிகளில் மட்டுமே போகலாம் என்றது. தடை செய்யப்பட்ட அரிசியும் சர்க்கரையும் மாலத்தீவின் பெயரில் வேறெங்கோ போய்விடாமல் கண்காணிக்க இது வசதி. தெற்கில் தூத்துக்குடி ஒன்றுதான் பட்டியலில் இருந்ததால் நாமக்கல்லுக்குச் சிக்கல் இல்லை.

டாலர் இல்லாத ஊருக்கு விற்பது

முட்டை போய்ச் சேர்வது பாதி வேலை. பணம் வந்து சேர வேண்டும். மாலத்தீவின் டாலர் பெரும்பாலும் சுற்றுலாவிலிருந்து வருகிறது. உணவுக்கும் எரிபொருளுக்கும் அது வெளியே போகிறது. நடுவில் கடன் தவணை நெருக்கினால் கையிருப்பு கரையும். 2024இல் அதுதான் நடந்தது. கடன் தர நிறுவனங்கள் அந்நாட்டின் தரத்தை இறக்கின. இஸ்லாமியக் கடன் பத்திரத்துக்கான தவணையைக் கட்ட முடியுமா என்ற கேள்வி உலகச் சந்தையில் எழுந்தது. அத்தகைய நேரத்தில் மாலே இறக்குமதியாளர் எல்.சி. (வங்கிக் கடனுறுதிக் கடிதம்) திறக்க வங்கிக்குப் போனால் டாலர் இருக்காது. வாரக் கணக்கில் பணம் தள்ளிப்போகும். பண்ணையாளருக்கோ தீவனக் கடைக்கு இந்த வாரமே கட்ட வேண்டும்.

ஆகவே நாணயப் பரிமாற்ற ஏற்பாடு என்ற கனமான பெயருக்குப் பின்னால் நாமக்கல்லுக்கு நேரான பொருள் உண்டு. 2024 மே மாதம் ஸ்டேட் வங்கி 5 கோடி டாலர் கருவூலப் பத்திரத்தை நீட்டித்ததும், அக்டோபரின் 40 கோடி டாலரும் மாலத்தீவு அரசைக் காத்தது போலவே, அங்கே சரக்கு அனுப்பிய இந்திய ஏற்றுமதியாளரின் பாக்கியையும் காத்தன. 2024 நவம்பரில் ரிசர்வ் வங்கியும் மாலத்தீவு நாணய ஆணையமும் ரூபாயிலும் மாலத்தீவு நாணயமான ருஃபியாவிலும் வணிகம் தீர்க்க ஓர் உடன்பாடு செய்துகொண்டன. இது முழு வீச்சில் நடந்தால் டாலருக்காகக் காத்திருக்கும் தலைவலி குறையும். ஆனால் மாலத்தீவுக்கு ரூபாய் எங்கிருந்து வரும்? இந்தியச் சுற்றுலாப் பயணியிடமிருந்து. 2023இல் இரண்டு லட்சத்தைத் தாண்டி முதலிடத்தில் இருந்த இந்தியப் பயணிகள் எண்ணிக்கை 2024இல் வெகுவாகச் சரிந்தது. 'மாலத்தீவுக்குப் போகாதே' என்ற சமூக ஊடக வீரம், சுற்றிவளைத்து இந்திய ஏற்றுமதியாளரின் பணத்தையும் தாமதப்படுத்துகிறது.

வேறு வழி உண்டா?

2024 ஜனவரியில் சீனப் பயணம் முடித்து வந்த முய்சு, ஒரே நாட்டை நம்பியிருக்கும் நிலையை மாற்றப்போவதாகவும், துருக்கியிலிருந்து உணவுப் பொருள்களைத் தருவிக்கப்போவதாகவும் சொன்னார். இறையாண்மை உள்ள எந்த நாடும் நினைக்க வேண்டியதுதான் அது. அரிசிக்கும் மாவுக்கும் ஓரளவு சாத்தியமும்கூட. முட்டைக்கும் வெங்காயத்துக்கும் தொலைவு குறுக்கே நிற்கிறது: கப்பல் நாள்கள் கூடக்கூடக் குளிர்சாதனச் செலவும் சேதாரமும் கூடும்.

சொந்தமாகவே கோழி வளர்க்கலாமே என்றால், கணக்கு அங்கே இடறுகிறது. ஒரு முட்டைக்கோழி நாளுக்கு சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். கிடைக்கும் முட்டை 55 கிராம் அளவில். மக்காச்சோளமும் சோயாவும் விளையாத தீவில் பண்ணை வைத்தால், முட்டையின் எடையைப் போல இரண்டு மடங்கு தீவனத்தை இறக்குமதி செய்ய வேண்டும். அதோடு கோழி எருவைக் கொட்ட இடம் வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். நாமக்கல்லில் எரு வயலுக்குப் போய்க் காசாகிறது. பவளத் தீவில் அது நிலத்தடி நீருக்கு ஆபத்து.

இறக்குமதி நின்றபோது உள்ளூர்த் தொழில் பிறந்த கதை சேலத்துக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் மலாயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதும், மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யத் தொடங்கிச் சேலம் ஒரு பெருந்தொழிலையே எழுப்பிக்கொண்டது. ஆனால் சேலத்துக்கு மரவள்ளி விளையும் காடு இருந்தது. மாலத்தீவிடம் இருப்பது கடல். மீனில் அது தன்னிறைவு பெறலாம். முட்டையிலும் அரிசியிலும் முடியாது. ஆகவே, யாரிடம் வாங்குவது என்பதை அது மாற்றிக்கொள்ளலாம், வாங்காமல் இருக்க முடியாது.

நாமக்கல்லுக்கு என்ன கிடைக்கிறது?

இந்தக் கேள்வியை டெல்லி ஆய்வுகள் கேட்பதில்லை. பெரிய சந்தை எது என்று பார்த்தால் வளைகுடாதான். ஆனால் பெரிய சந்தை நிலையான சந்தை ஆகிவிடாது. 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தபோது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்த நாமக்கல்லின் ஏற்றுமதியும் நின்றது. 2024 இறுதியில் ஓமன் இந்திய முட்டைக்கு அனுமதி தருவதை நிறுத்த, கத்தார் எடை விதியை இறுக்க, அனுப்பிய சரக்கே வழியில் மாட்டிக்கொண்டது.

நெருக்கடியில் மட்டும் வரும் வாடிக்கையாளர்களும் உண்டு. உக்ரைன் போரால் தீவன விலை ஏறி முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது, 2022 டிசம்பரில் மலேசியா நாமக்கல்லைத் தேடி வந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியில் தீவனமும் தாய்க்கோழியும் தருவிக்க முடியாமல் பண்ணைகள் சுருங்கிய இலங்கை, 2023இல் அரச வர்த்தகக் கூட்டுத்தாபனம் மூலம் இந்திய முட்டையை வாங்கியது. அங்கே உள்ளூர் உற்பத்தி மீண்டதும் தேவை வடிந்தது. 2025இல் பறவைக் காய்ச்சலால் விலை எகிறிய அமெரிக்காவுக்கும் தூத்துக்குடி வழியே ஒரு கோடி முட்டை போனது. அடுத்த சில மாதங்களில் 50 விழுக்காடு வரி வந்தது.

இவற்றோடு ஒப்பிட்டால் மாலத்தீவின் மதிப்பு புரியும். அளவு சிறிது, ஆனால் ஆண்டு முழுக்க வேண்டும். போட்டிக்கு உள்ளூர்ப் பண்ணையாளர் சங்கம் என்று பெரிதாக ஒன்றும் அங்கே இல்லை; ஆகவே திடீர் பாதுகாப்பு வரி வராது. கப்பல் தூரம் குறைவு. பறவைக் காய்ச்சல் ஒன்றுதான் பெரிய ஆபத்து. அதற்கும் வழி திறந்திருக்கிறது: நோயற்ற பண்ணைகளைத் தனித்தனி வளாகங்களாகக் காட்டும் முறையில், தமிழ்நாடு உள்ளிட்ட நான்கு மாநிலங்களின் 26 வளாகங்களை உலக விலங்கு நல அமைப்பு 2023இல் ஏற்றது. எங்கோ ஒரு மாநிலத்தில் நோய் வந்தால் நாடு முழுவதற்கும் கதவு மூடாமல் இருக்க இது உதவும். இந்த ஏற்பை மாலத்தீவின் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது.

மணல் வேறு கணக்கு

ஒதுக்கீட்டுப் பட்டியலில் முட்டைக்கு 5 விழுக்காடு கூட்டிய அறிவிப்பு, மணலுக்கும் சல்லிக்கும் 25 விழுக்காடு கூட்டியது. கடல் மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டர் உயரமே உள்ள தீவுகளில் வீடும் அலைத்தடுப்புச் சுவரும் கட்ட அவர்களுக்கு மணல் தேவை, மறுப்பதற்கில்லை. ஆனால் காவிரிக் கரையில் வாழ்பவர்கள் இந்த வரியை முட்டை வரிபோலப் படிக்க முடியாது. மோகனூரிலும் பரமத்திவேலூரிலும் மணல் அள்ளி ஆறு தாழ்ந்ததையும், கரையோரக் கிணறுகள் இறங்கியதையும் கண்டவர்கள் இவர்கள்.

கோழி நாளையும் முட்டையிடும். ஆறு நாளையே மணல் கொண்டுவராது. இரண்டையும் ஒரே பட்டியலில் 'அத்தியாவசியப் பொருள்' என்று வைப்பது நிர்வாக வசதி. சூழலியல் கணக்கில் அது பிழை. மணல் எடுத்த இடத்துக்கு உரிய அனுமதி இருக்கிறதா, கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் எடுக்கப்படவில்லையே என்று பார்க்கும் பொறுப்பை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகமான கேபெக்ஸில் அமைப்பிடம் அரசு ஒப்படைத்திருக்கிறது. தாளில் உள்ள இந்த நிபந்தனை ஆற்றில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது தமிழ்நாட்டு மணல் அரசியலை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நட்பு நாட்டின் கரையை உயர்த்த நம் ஆற்றின் படுகையைத் தாழ்த்துவது நீண்டகால உறவுக்கு ஏற்ற வழியல்ல. கல்லை நொறுக்கிச் செய்யும் எம்-சாண்டை நோக்கி இந்த ஒதுக்கீட்டை நகர்த்துவது பற்றி டெல்லி இப்போதே பேசலாம்.

கடலில் நிற்கும் இன்னொரு தமிழர்

உறவின் விலையை வேறு விதத்தில் கட்டுபவர் தூத்துக்குடி மீனவர். 2023 அக்டோபரில் தருவைக்குளம் மீனவர்கள் 12 பேரை, எல்லை தாண்டியதாகச் சொல்லி மாலத்தீவுக் கடலோரக் காவல்படை பிடித்தது. மீனவர்கள் திரும்பினார்கள்; படகுக்குக் கோடிக் கணக்கில் அபராதம் விதிக்கப்பட்டது. தூண்டிலால் சூரை பிடித்து வாழும் நாட்டுக்கு அந்நியப் படகுகள் மீது கடுமை இருப்பது இயல்பு. ஆனால் ஒரே துறைமுக நகரிலிருந்து முட்டை போனால் வரவேற்பும் படகு போனால் சிறையும் என்றால், அந்த நகரத்தார் பார்வையில் உறவு கோணலாகவே தெரியும். தடையற்ற வர்த்தகப் பேச்சு நடக்கும் மேசையிலேயே மீனவர் விஷயத்துக்கும் ஒரு நடைமுறை வகுக்கப்பட வேண்டும்.

எது செய்யத் தக்கது?

இத்தனையும் வைத்துப் பார்க்கையில் மூன்று முடிவுகள் எழுகின்றன. முதலாவது, உணவு ஒதுக்கீட்டை அரசியல் வெப்பமானியாக ஆக்கக் கூடாது. 2018இல் குறைத்துப் பார்த்தோம், கசப்புதான் மிஞ்சியது. 2024இல் கூட்டிப் பார்த்தோம். வாக்கு மாறவில்லை, ஆனால் பேச்சு திரும்பியது. கூட்டுவதும் ஒரு சமிக்ஞைதான். கூட்ட முடிந்தவர் குறைக்கவும் முடியும் என்ற அச்சம் மறுபுறம் இருந்துகொண்டே இருக்கும். மக்கள்தொகையையும் சுற்றுலா வருகையையும் வைத்து ஒரு சூத்திரம் வகுத்து, பத்தாண்டுக்கு மாறாத உரிமையாக வர்த்தக ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் அந்த அச்சம் போகும். தேவைக்கு மேல் உயரத்தில் போட்ட கூரையை நிரந்தரமாக்குவதால் இந்தியாவுக்கு இழப்பு ஒன்றுமில்லை.

இரண்டாவது, பணப்பாதை. பெரிய கடன்களையும் பாலங்களையும் போலவே, சிறு ஏற்றுமதியாளரின் ரூபாய் - ருஃபியா தீர்வுக்கும் ஏற்றுமதிக் காப்பீட்டுக்கும் கவனம் வேண்டும். பத்துக் கண்டெய்னர் அனுப்புபவரின் பாக்கி மூன்று மாதம் தேங்கினால், அவர் அடுத்த ஆண்டு மாலத்தீவை விட்டு வளைகுடாவுக்குப் போய்விடுவார். எந்த ஒதுக்கீடும் அவரைத் திருப்பி அழைக்காது. ஒதுக்கீடு அரசு கொடுப்பது. முட்டையைக் கொடுப்பவர் அவர்.

மூன்றாவது, இந்த உறவைப் பற்றிய பேச்சில் தமிழ்நாட்டுக்கு இடம் வேண்டும். முட்டை நாமக்கல்லிலிருந்து, துறைமுகம் தூத்துக்குடியில், மீனவர் தருவைக்குளத்தில், மணல் நம் ஆறுகளில். ஆனால் ஒதுக்கீட்டு அளவும் துறைமுகப் பட்டியலும் முடிவாகும்போது பண்ணையாளர் அமைப்புகளையோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியையோ, மாநில அரசையோ கேட்கும் நடைமுறை இல்லை. தடையற்ற வர்த்தகப் பேச்சு இன்னும் முடியாத நிலையில் அந்த நடைமுறையைத் தொடங்க இதுவே காலம். மாலத்தீவின் ஓர் ஆண்டுத் தேவையைப் பத்து நாளில் தரக்கூடிய ஊரின் குரல், அந்த மேசையில் ஒரு நாளாவது கேட்க வேண்டும்.